கொடியில் காய்ந்த கோச்சி

ஹப்புத்தளை
06.02.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைத்தால் இரண்டு பேரும் கத்தித்தான் முடிக்கிறோம். அதனால் கடிதம். பதுளை பஸ் கண்டக்டரிடம் ஒரு பிலிம் சுருளும் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மலை ரயில் பாதை வளைவில் நின்று சாமான் கோச்சியைப் படம் எடுத்தேன். (ஓம், திரும்பவும் போனேன். ஏசுவதைப் பிறகு ஏசுங்கள்.) பாதையில் மண் சரிந்து கிடந்தது. பாதை வேலை செய்யும் தினேஸ் அண்ணன் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடினார். கோச்சி நிற்காமல் வந்து மண்ணில் ஏறித் தடம் புரண்டது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அவர் கொடியே காட்டவில்லை என்கிறார்கள். 20ஆம் திகதி விசாரணை. அவருடைய வேலை போய்விடும்.

கொடியும் கோச்சியும் ஒன்றாக என் படத்தில் இருக்கின்றன. படத்தைக் கொடுத்தால் போதும், என் பெயர் வெளியே வராது. எனக்குப் பேசியிருக்கிற, நீங்கள் பயப்படுகிற மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாது. உடனே கழுவ வேணும் வாப்பா. தங்கத்துரை மாமாவின் ஸ்டூடியோவுக்குப் போங்கள்.

மகள்
பஸ்மினா


சாய்ந்தமருது
10.02.2025

அன்பு மகளுக்கு வஅலைக்குமுஸ்ஸலாம்.

சுருள் கிடைத்தது. உம்மா சுகம். நானும் சுகம்தான், சைக்கிள் கடையில் ரிப்பேர் ஆக வேண்டியது சைக்கிளா நானா என்பதில்தான் சந்தேகம். தங்கத்துரை ஊரில் இல்லை. அவசரப்படாதே.

ஒரு கேள்வி. நீ எடுப்பது கறுப்பு வெள்ளைப் படம். அதில் சிவப்புக் கொடி எப்படிச் சிவப்பாகத் தெரியும்? ஏழாம் வகுப்பு மூளைக்குப் பிடிபடவில்லை. அந்தப் படம் இல்லாமல் முடியாதா?

வாப்பா


ஹப்புத்தளை
14.02.2025

வாப்பா,

கறுப்பானாலும் தூக்கின கை தூக்கின கைதான். ஏன் அப்படிக் கேட்டீர்கள்?

தங்கத்துரை மாமாவுக்கு நானே போன் எடுத்தேன். செவ்வாய்க்கிழமையே கடை திறந்துவிட்டாராம். நீங்கள் வரவேயில்லையாம்.

தினேஸ் அண்ணனின் மனைவி வீட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார். வேலை போனால் அந்த வீடும் போகும்.

கமராவைக் கடலில் எறி என்று சொன்னவர் நீங்கள். பிலிமை எறிந்துவிட்டீர்களா?

பஸ்மினா


சாய்ந்தமருது
16.02.2025

அன்பு மகள்,

எறியவில்லை. கழுவினேன்.

சுருள் வந்த அன்றே போனேன். கடை பூட்டு. தங்கத்துரை திருக்கோவிலில் கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். நீ கழுவ வேணும் என்று எழுதியிருந்தாய். கழுவ ஆள் எதற்கு, எத்தனை சைக்கிள் செயின் கழுவின கை என்று நினைத்தேன். முற்றத்து வெயிலில் சுருளை முழுதாக இழுத்தேன். சவர்க்காரம் போட்டேன். உம்மா சீலை காயப்போடும் கொடியில் கிளிப் குத்தித் தொங்கவிட்டேன். படம் ஒன்றும் தெரியவில்லை. இன்னொருக்கா தேய்த்தேன். ஏதோ பிழைத்துவிட்டது என்று அப்போதே விளங்கிவிட்டது. அதனால்தான் உனக்கு அதை மறைத்து எழுதினேன்.

நேற்று தங்கத்துரையிடம் கொண்டுபோனேன். அவர் பிலிமைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மீராமுகைதீன் நானா, வெளிச்சம் பட்ட உடனேயே எல்லாம் போயிற்று. நீங்க தேய்ச்சது சும்மா கை நோவுக்கு" என்றார்.

கொடியைக் காட்ட வேண்டிய படத்தைக் கொடியில் காயப்போட்டவன் உன் வாப்பா. வேணுமென்று செய்யவில்லை. கடலில் எறி என்ற அதே வாய் சொல்வதால், நீ நம்பாவிட்டால் உன்னில் குறையில்லை.

இனிப் படம் இல்லை. கண்டது நீ மட்டும்தான். விசாரணையில் உன் பெயரையும் நின்ற இடத்தையும் சொல்லி, கண்டதை நீயே எழுந்து சொல்லு. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நானே போய் எல்லாம் சொல்லிவிட்டேன். தேத்தண்ணி வந்தது, முகத்தில் சிரிப்பு வரவில்லை. போனால் போகட்டும்.

19ஆம் திகதி பதுளை பஸ்ஸில் வருகிறேன். பொம்பிளப் பிள்ளை தனியே கோச்சிப் பாதையில் நின்றது தகப்பனுக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். "ஓம், நான்தான் போகச் சொன்னேன்" என்பேன். தடுத்தவன் நான் என்பது நம் வீட்டுக்குள் இருக்கட்டும்.

பஸ் நிற்கும் இடத்தில் நீ நின்றால் நம்பிவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். நிற்காவிட்டாலும் விசாரணை எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்து சேர்வேன்.

வாப்பா
மீராமுகைதீன்