பானை நிறையக் கிழங்கு

அப்பாவுக்கு,

அம்மாவின் மணிக்கட்டில் கம்பி வைத்திருக்கிறார்கள். வழுக்கி விழுந்ததாகத்தான் ஆஸ்பத்திரியில் சொன்னாள்.

நேற்று மத்தியானம் உங்கள் தட்டில் மரச்சீனிக் கிழங்கைப் பாதியாக்கி, சாளை மீனைக் கூட்டி வைத்தாள். "எனக்க வீட்டில எனக்கே அளவாக்கும், இல்லியா?" என்று கத்தி, கிழங்கு கிண்டும் துடுப்பால் அடித்தீர்கள். அவள் கையை உயர்த்தினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

சர்க்கரை குறையாவிட்டால் உங்கள் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். "அப்பாட்ட சொல்லாத மக்கா, பயந்து போவாரு" என்று என் வாயை அடைத்தாள்.

இனி அவள் அந்த அடுக்களைக்கு வரமாட்டாள்.

பானை நிறையக் கிழங்கு அவித்து வைத்திருக்கிறேன். ஆசைதீரச் சாப்பிடுங்கள், அப்பா. தடுக்க யாரும் இல்லை.

உங்கள் மகள்