கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போன ஊர்

அல்பெர்கேரியா, பலெர்மோ
புரட்டாசி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் விதுரனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் பெல்லெக்ரீனோ மலைக் கோயிலுக்கு ஏறி இறங்கினால் இரண்டு நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கும். உன் சுகத்துக்கும், தனியாக உன் வலது தோளின் சுகத்துக்கும் அந்த மலைக் கோயில் சந்தா ரொசாலியாவையும் எங்கள் ஊர்ப்பக்கத்து வற்றாப்பளை அம்மனையும் சேர்த்து வைத்தே அம்மா கும்பிடுகிறார், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று. நீ போன கிழமை அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை என்று கோபிக்காதே. “அப்பா, நான் ரீமோட புது ஊருக்குப் போகாமல் வீட்டை வரட்டா?” என்று கேட்டிருந்தாய். போனில் உன் குரலைக் கேட்டால் நான் ஒன்றை நினைத்து வேறொன்றைச் சொல்லிவிடுவேன், அதனால்தான் பேனையை எடுத்தேன்.

உங்கள் பேஸ்போல் அணி ஊர் மாறப்போகிறது என்று நீ முதலில் எழுதியபோது அம்மா லிபெர்த்தா வீதியில் சினியோரா மொனிகா வீட்டு வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் படியேறி வந்திருந்தார். நான் வாசித்துக் காட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, “ஏன், அங்கை என்ன பிரச்சினையாம்? பாஸ்போட்டைக் கையோட வைச்சிருக்கச் சொல்லுங்கோ” என்றார். பிறகு நீ விளக்கமாக எழுதினாய், அணியின் முதலாளிக்குப் புது மைதானம் வேண்டுமாம், இந்த ஊர் கட்டிக்கொடுக்கவில்லையாம், மேற்கே ஒரு ஊர் கட்டிக்கொடுக்கிறதாம், ஆகவே பெயர்ப்பலகை முதல் பந்துவரை எல்லாம் லொறியில் ஏறுகிறதாம், பெரிய அணி என்றைக்குக் கூப்பிடும் என்று காத்திருக்கிற உன்னைப் போன்ற பொடியன்களும் பங்குனியில் அங்கே போய் நிற்கவேண்டுமாம். எனக்கு நம்பவே முடியவில்லையடா. ஒரு செல் விழுந்து வெடிக்கவில்லை, ஆமி வரவில்லை, ஒரு விளையாட்டு அணி முழுதாக எழும்பி ஊர் மாறுகிறது. இப்படியும் உலகத்தில் நடக்கும் என்று இந்த வயதில்தான் அறிகிறேன்.

அந்த ஊரில் நீங்கள் ஆடிய கடைசி ஆட்டத்தை டிவியில் பார்த்த பிறகுதான் எனக்குப் பதில் சொல்ல வந்தது. ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்கு மத்தியானம், எங்களுக்குப் பின்னேரம். கீழ்வீட்டு மரியநாயகம் மாமாவும் வந்து உன் கட்டிலில் ஏறிச் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தார். மறந்திருக்கமாட்டாய், கடற்கரைப் புல்வெளியில் நடந்த எங்கள் சங்கத்துக் கிரிக்கெட் போட்டியில் நடுவராக நின்று உனக்கு அடுத்தடுத்து நோபோல் தந்த அதே மனிதன்தான். “கை மடங்குது, இது பந்துவீச்சில்லை, மாங்காய்க்குக் கல்லெறியிறது” என்று சொல்லி உன்னை வெளியே அனுப்பினார். நீ அழுதுகொண்டு போய்க் கோபத்தில் கடலுக்குள் எறிந்த கற்களை, நாயோடு நடந்துபோன ஒரு இத்தாலியன் நின்று பார்த்தான், அவன் பேஸ்போல் பழக்குகிறவன், அன்றைக்குத் தொடங்கியது இது. முழங்கையை நீட்டு, நீட்டு என்று நான் எத்தனை தரம் கத்தியிருப்பேன், நீயா கேட்கிற ஆள்! நல்ல காலம் கேட்கவில்லை.

கடைசி ஆளை ஆட்டமிழக்கச் செய்ய உன்னைத்தான் பந்தெறிகிறவன் நிற்கிற அந்த மண்மேட்டில் ஏற்றினார்கள். எங்கள் பிள்ளை அவ்வளவு சனத்துக்கு நடுவில் தனியாக நின்றதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பந்தை நான் காணவே இல்லை, பிடிக்கிறவனின் கையுறையில் அது விழுந்த சத்தம்தான் கேட்டது, திரையில் தொண்ணூற்றேழு மைல் என்று போட்டார்கள். மரியநாயகம் கட்டிலில் எழும்பி நின்றுவிட்டார், “இப்பவும் கை மடங்குதுதான், ஆனா ஆண்டவரே, என்ன வேகமடா!” என்றார். அம்மா எழுந்து போய் டிவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்தும் சனம் வெளியே போகவில்லை. கனநேரம் அப்படியே இருந்தார்கள், பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து தாங்கள் இருந்த கதிரையையே ஸ்பனரால் கழற்றத் தொடங்கினார்கள், விரும்பியவர்கள் கொண்டுபோகலாம் என்று அணி சொன்னதாக நீ பிறகுதான் எழுதினாய். தாய், பிள்ளை, கிழவர் என்று ஆளுக்கொரு பச்சைக் கதிரையைத் தோளில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி வரிசையாகப் போனார்கள். கிளிநொச்சியில் இருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது உனக்கு நான்கு வயது, நான் வாசற்கதவைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் கட்டி, அந்தக் கதவின் மேல்தான் உன்னை இருத்தினேன். கழற்றுவது போகிறவர்களின் வேலை என்றுதான் எனக்குத் தெரியும். போகிறவர்களை நினைத்து இருக்கிறவர்கள் கழற்றிக்கொண்டு போவதை அன்றைக்குத்தான் கண்டேன். எங்களை நினைத்து ஒரு கதிரை எடுத்து வைக்க எங்கள் ஊரில் ஒருவரும் மிச்சமிருக்கவில்லை, எல்லாரும்தானே வெளிக்கிட்டோம்.

அதற்குப் பிறகு, உன்னை இரண்டு வருடமாகத் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்ட மார்த்தா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அந்த மனுசி, தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். நீ எறிந்த அதே மண்மேட்டில் அதை வைத்து, உன்னை மாப்பிள்ளை மாதிரி இருத்தி, தலையில் கை வைத்தார். இங்கே நாங்கள் மூன்று பேரும் அழுதோம், மரியநாயகம் மூக்கை உறிஞ்சித் தடிமன் என்று சமாளித்தார். அந்தக் கதிரை இனித் தன் வீட்டு வாசலில் இருக்கும், அது உன்னுடையது, எப்போது வந்தாலும் இருக்கலாம் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். சியாகுல்லித் தோட்டத்தில் ஏணியில் நின்று மந்தரீனோ தோடை மரத்தில் வேலை செய்யும்போதும் எனக்கு அதே நினைவுதான். உலகத்தின் அந்தப் பக்கத்தில் தில்லையம்பலத்தின் மகனுக்கு ஒரு கதிரை!

ஆகவே என் பதில், வராதே. ஆசை இல்லாமல் சொல்கிறேன் என்று நினைக்காதே, நீ கேட்ட அன்றைக்கே அம்மா உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுவிட்டார். தோள் போய்விட்டது, இனி ஏலாது என்றால் அடுத்த விமானத்தில் ஏறு என்று சொல்லியிருப்பேன். நீ ஆளறியாத ஊருக்குப் பயந்துதான் கேட்கிறாய், அந்தப் பயம் எனக்குத் தெரியாததா? ஆனால் எங்களை விரட்டினார்கள், உன்னைக் கூப்பிடுகிறார்கள். அந்த வித்தியாசம் எனக்கு இன்னும் அதிசயமாகத்தான் இருக்கிறது. அம்மாவிடமும் கேட்டேன். கழுவின சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிவிட்டு, “போகட்டும், அங்கையும் ஒரு மார்த்தா இருப்பா” என்றார்.

மார்கழியில் உன் பெர்மெஸோ வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க நீ எப்படியும் வரத்தான் வேண்டும், கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் நாள் எடுத்து வைத்திருக்கிறேன், வந்து ஆறுதலாக நின்று சாப்பிட்டுவிட்டுப் போ. தோளுக்கு ஐஸ் வைக்கப் பஞ்சிப்படாதே. மார்த்தாவுக்குக் கிழமைக்கு ஒருதரமாவது போன் எடு. அவர் கை வைத்த இடத்திலேயே நாங்களும் எங்கள் கைகளை வைத்து உன்னை வாழ்த்துகிறோம். புது ஊரில் முதல் நாள் அந்த மேட்டில் ஏறும்போது இந்த அப்பா சொல்வதை ஒருதரமாவது கேள் மகனே, கையை மடக்கியே எறி.

இப்படிக்கு,
உன் அப்பா
தில்லையம்பலம்
(பக்கத்தில் நின்று பிழை பிடிக்கும் அம்மா ஞானாம்பிகையும்)