கிளி வைத்துப் போன சாப்பாடு

கானார் மலைப்பக்கம்,
ஏப்ரல் மாதம், மழை சற்று ஓய்ந்த திங்கட்கிழமை.

என் அன்புள்ள சோய்லாவுக்கு,

உன் கணவன் நிக்கானோர் எழுதுகிறேன். இங்கே நானும் நம் பெண்கள் இருவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உடம்பு சரியில்லாதவளுக்கு இவ்வளவு கோபம் வராது. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதே இல்லை. அதனால்தான், விடுமுறை முடிந்து நீ இருக்கும் ஸ்பெயினுக்குத் திரும்பும் உன் சித்தி மகன் பெலிசாரியோவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவன் எதிரிலேயே கிழித்துப் போட்டுவிடாதே. பாவம், கடல் தாண்டிச் சுமந்து வருகிறான்.

நீ சொல்லி அனுப்பியதை அவன் என்னிடம் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பெண்கள் அங்கே வர அனுமதி கிடைத்துவிட்டது, தகப்பன் கையெழுத்துதான் பாக்கி, போட்டுக் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும் என்றாயாம். "அவருக்கென்ன, அவரைப் பாத்துக்கத்தான் கிளி இருக்கே" என்றும் சொன்னாயாம். சோய்லா, அந்தக் கிளியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் திட்டு.

இந்த வருட மழை எப்படிப்பட்டது என்று கேள்விப்பட்டிருப்பாய். ஆறு நம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கூப்பிடாமலே உள்ளே நுழைந்தது. மூட்டையில் வைத்திருந்த மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் ஊறி நாறிப்போயின. பாலமும் போயிற்று. மாட்டைக் காப்பாற்றிவிட்டேன். அது உன்னைவிடப் பிடிவாதக்காரி, இழுத்து மேலே ஏற்றுவதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. உன் கல்யாணப் பாவாடைகள் நனையவில்லை. முதலில் அவற்றைத்தான் எடுத்தேன், இதையும் மனதில் வைத்துக்கொள். அன்று முதல் மலைமேலே கிழங்குக் காவல் குடிசையில்தான் இருக்கிறோம்.

பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. பாதையில் சரிந்த மண்ணை அள்ள, வீட்டுக்கு ஒருவர் ஊர்ப் பொதுவேலைக்குப் போயாக வேண்டும். நான் காலையில் பெண்களையும் கூட்டிக்கொண்டு இறங்கினால் பொழுது சாயத்தான் ஏறுவேன். ஒரு நாள் அப்படித் திரும்பினால், குடிசைக் கதவு ஆணியில் துணி சுற்றிய பானை தொங்குகிறது. உள்ளே வேகவைத்த மக்காச்சோளம், கிழங்கு, மிளகாய்த் துவையல். இன்னும் சூடு ஆறவில்லை. யாரோ இரக்கப்பட்டு வைத்தார்கள் என்று தின்றோம். நாங்கள் கழுவி மாட்டிய பானை மறுநாள் போய், அதே ஆணியில் வேறு பானை வந்தது. ஒரு நாள் வறுத்த கினிப்பன்றி. நம் சின்னவள் தாமியா எலும்பைக்கூட விடவில்லை. முன்பல் விழுந்திருக்கிறது என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

மலை, வெள்ளம், குடிசை, வெளியே போய்வந்தால் தயாராகச் சாப்பாடு. நம் ஊரில் பிறந்த பிள்ளை இதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? உலகமெல்லாம் முழுகியபோது அழுகைப் பாதை என்று நாம் சொல்லும் மலை மட்டும் தண்ணீர் ஏற ஏறத் தானும் உயர்ந்ததாம். உச்சியில் பிழைத்த அண்ணனும் தம்பியும் கிழங்கு தேடிக் களைத்துத் திரும்பினால் குடிசையில் சாப்பாடும் மக்காச்சோளக் கள்ளும் காத்திருந்ததாம். ஒளிந்து பார்த்தால், பெண் முகமும் நம் பெண்களைப் போலவே சடையும் உள்ள இரண்டு பஞ்சவர்ணக்கிளிகள். அண்ணன் அவசரக்குடுக்கை, பாய்ந்தான், பறந்துவிட்டன. தம்பி பொறுத்திருந்து சின்னதைப் பிடித்தான், அவளையே கட்டிக்கொண்டான். அந்தக் கிளியின் வயிற்றில் பிறந்தவர்கள்தானே நாமெல்லாம். இந்தக் கதையைப் பெண்களுக்குச் சொல்லித் தூங்கவைத்தது நானல்ல, நீதான் தாயே.

நம் பெரியவள் டெல்ஃபினா ஒரு நாள் எனக்கு முன்னால் ஓடி மேட்டில் ஏறிவிட்டாள். மூடுபனியில் ஒரு முதுகு போவதைப் பார்த்திருக்கிறாள். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சால்வை, அதன் மேல் நீளச் சடை. நான் வந்து சேர்வதற்குள் பனி மூடிவிட்டது. போதாதா அவளுக்கு? அன்று மாலையே மலை முகட்டில் போனுக்கு சிக்னல் கிடைத்ததும் உன்னிடம் என்ன சொன்னாள் என்று இப்போதுதான் அவளிடமிருந்து கறந்தேன். "அம்மா, எங்களுக்குக் கிளி வந்திருக்கு. அப்பா தினமும் அவ சமைச்சதைத்தான் சாப்பிடறாரு. உன்னைவிட நல்லா சமைக்கிறா." கடைசி வாக்கியத்துக்கு அவளை நான் கண்டித்துவிட்டேன். கிளி வந்தால் கதை எங்கே போய் முடியும் என்று கானார் பெண்ணான உனக்குத் தெரியாதா? நீ போனை வைத்ததில் தப்பே இல்லை. உன் இடத்தில் நானாக இருந்தால் போனை உடைத்தே போட்டிருப்பேன்.

ஊரிலும் விட்டார்களா? மண் அள்ளும் இடத்தில் ஆளாளுக்கு, "என்ன நிக்கானோரு, கிளிக்குக் கூண்டு கட்டியாச்சா?" என்று கேட்டார்கள். விதவை ட்ரான்சிதோ பக்கம் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள். அவள் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வந்து, இந்த மூஞ்சிக்குச் சோறாக்க எனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்டாள். அவமானமாக இருந்தாலும் நிம்மதியாகவும் இருந்தது. இனி யாரென்று பார்க்காமல் விடுவதில்லை என்று அப்போதுதான் முடிவுசெய்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் நாங்கள் மூவரும் விறகுக் கட்டுக்குப் பின்னால் பதுங்கினோம். மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். சால்வை தெரிந்ததுமே டெல்ஃபினா கூவிக்கொண்டு எழுந்துவிட்டாள். வந்த உருவம் பானையோடு திரும்பிச் சரிவில் இறங்கி ஓடிவிட்டது. அன்றைக்குப் பட்டினி. தாமியா அக்காவோடு பேச மறுத்துவிட்டாள்.

அடுத்த நாள் தாமியா தனியாக வாசலருகே உட்கார்ந்துகொண்டாள், நாங்கள் உள்ளே. ஆணியில் பானையை மாட்டக் கை உயர்ந்தபோது இரண்டு கையாலும் சால்வையைப் பிடித்துக்கொண்டு, "புடிச்சிட்டேன்" என்றாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். நான் வெளியே வந்தேன்.

சோய்லா, உன் அப்பா.

உன் அம்மாவின் சால்வையில் பானையைக் கட்டி முதுகில் சுமந்து வந்திருக்கிறார். நம் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் உள்ள நீளச் சடையைத்தான் டெல்ஃபினா கிளியின் சடை என்று நினைத்திருக்கிறாள். பாலம் இல்லாததால் முகட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மீசையெல்லாம் பனி, மூச்சு இரைக்கிறது. உன்னை நான் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போன நாளிலிருந்து என்னோடு பேசாதவர், என் வாசலை மிதிப்பதில்லை என்று ஊர் நடுவே சொன்னவர். என்னைப் பார்க்காமல் தாமியாவைப் பார்த்துச் சொன்னார்: "உங்கப்பன்கிட்ட சொல்லு. நான் இந்த வீட்டுக்கு வரல. பானைதான் வந்துச்சு."

நானும் தாமியாவிடமே சொன்னேன், பானை உள்ளே வந்து உட்காரட்டும், வெளியே குளிருகிறது என்று. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்தார்.

எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். வயிறு நிறைந்ததும் தாமியா அவர் மடியில் ஏறிக்கொண்டு, பிடித்த கிளி திரும்பிப் போகக்கூடாது, இனி நீ இங்கேதான் என்று சட்டம் பேசினாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். "உன் மேல எனக்குக் கோவம் இல்லப்பா. பெத்த பொண்ணு மேல கோவப்பட மனசு வரல. யார் மேலயாவது படணுமில்ல?" என்றார். பரவாயில்லை மாமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமானாலும் படுங்கள், சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது நம் கல்யாணத்தில்தான்.

பாலம் போடும்வரை எங்களோடுதான் இருக்கப்போகிறாராம். அதாவது, கிழங்குக்குக் காவல் இருக்கிறாராம். டெல்ஃபினாவுக்கு அவர் சமையல் பிடித்திருக்கிறது, எனக்குக் குறட்டைதான் பிடிக்கவில்லை.

இனி நீ கேட்ட விஷயம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெலிசாரியோவிடம் இந்தக் கடிதத்தோடு அதையும் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் உனக்கும் பிள்ளைகள்தான். நீ எலுமிச்சைக் கிட்டங்கியில் நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பது யாருக்காக என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடாமல் உன்னைத் தவிக்கவிட்டால் நான் மனிதனே இல்லை. அவர்கள் இல்லாத குடிசையில் நான் என்ன செய்வேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது உன்னைக் கையைப் பிடித்து இழுப்பது போலாகும். வர வேண்டும் என்று தோன்றினால் நீயே இங்கே வரலாம், அவர்கள் அங்கே வர வேண்டும் என்று தோன்றினால் அனுப்புகிறேன். எதுவானாலும் உன் வாயால் என்னிடம் சொல். பெலிசாரியோவின் தொப்பி ஏற்கெனவே தேய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் முகட்டில் இருப்போம். நீ கூப்பிடு. உன் அப்பாவும் வருகிறார். மாட்டைப் பார்க்க வருவதாகச் சொல்கிறார், ஆனால் இன்றைக்கே நல்ல பொன்சோ மேலங்கியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். நீ போனதிலிருந்து உன் குரலை அவர் கேட்டதில்லை. முதலில் அவரிடம் கொடுக்கிறேன், நான் பிறகு பேசிக்கொள்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் நம் மலையும் ஆண்டவரும் உனக்குத் துணை இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, கட்டாந்தரையில் படுத்துத் தூங்காதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் அப்பாவுக்குப் பேச்சு வர நேரமாகும், வெறும் காற்றுச் சத்தம்தான் கேட்கும். போனை வைத்துவிடாதே, சோய்லா.

என்றும் உன்,
நிக்கானோர்