ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

அப்பா,

இன்று காலை நம் வீட்டு உள்ளறையில் இன்னொரு பிளக் பாயிண்ட் போட்டார்கள். சுவரைத் துளைத்தபோது பறந்த சிமெண்டுத் தூள் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அண்ணன்தான் பெங்களூரிலிருந்து போன் செய்து ஆள் ஏற்பாடு செய்தான். வந்தவர் டெஸ்டரைச் செருகிக் காட்டி, "பாரும்மா, எரியுது. இனிமே ஒண்ண கழட்டி ஒண்ண மாட்டற வேலையே இல்ல" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் போன பிறகும் அந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இது இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்திருந்தால் உன்னிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஒன்பதாம் வகுப்பின் நடுவில் ஹாஸ்டலிலிருந்து என்னைக் கூட்டிவர நீ வந்தாய் அல்லவா, அங்கிருந்து தொடங்குகிறேன். எனக்கு எழுத்து நன்றாகத் தெரியும். எழுந்து நின்று படி என்றால்தான் குரல் வராது. பிள்ளைகள் ஊமைக்கோட்டான் என்பார்கள். ஒருநாள் டீச்சர் பாடம் முடியும்வரை என்னை நிற்க வைத்தார். அதற்குப் பிறகு நான் வகுப்புக்குப் போகவில்லை. நீ வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டாய். ஏன் என்று கேட்கவில்லை. பஸ் மலை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும்தான் வாயைத் திறந்தாய்.

"பசிக்குதா பாப்பா?"

அவ்வளவுதான். அம்மா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீயோ ஒடுகத்தூர் சந்தைக்குப் போய், ஒரு தெர்மகோல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினாய். உள்ளே ஒரு பல்பு, ஒரு சின்ன ஃபேன், வெளியே சூட்டைக் காட்டும் சிவப்பு எண். முட்டை வைத்தால் இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கும் மெஷின். அதை உள்ளறையில் இறக்கிவிட்டு அம்மாவிடம் சொன்னாய்: "பேசாத புள்ளைக்கு பேசாத மெஷினு. ஒண்ணுக்கொண்ணு தொணையா கெடக்கட்டும்."

வீட்டில் இருந்தது ஒரே பிளக். முன்னறையில், உள்கதவை ஒட்டின சுவரில். அங்கிருந்து கதவுக்கு அடியில் ஒயரை இழுத்து மெஷினுக்குக் கொடுத்தாய். அதனால் முட்டை உள்ளே இருக்கும்வரை டிவி கிடையாது. "இனிமே முட்ட பாக்கறதுதான் எனக்கு சீரியலு" என்று அம்மா முணுமுணுப்பாள்.

ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் சுழி என்று பென்சிலால் போடுவேன். ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்ப வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் கிண்ணத்தில் தண்ணீர் குறையக் கூடாது. இதெல்லாம் என் வேலை. உன் வேலை வேறு. சாயங்காலம் காட்டிலிருந்து வந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அடைக்கோழி மாதிரி தொண்டைக்குள் கொக்கரிப்பாய். ஒருநாள் பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, நீயே அடை ஒக்காந்துட்டியா?" என்று கத்தினார். "மெஷினுக்கு சூடுதான் தெரியும் மாமா, பேசத் தெரியாது. உள்ள இருக்கறதுக்கு யாரு பேசறது?" என்றாய். நான் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டேன். என் சிரிப்புச் சத்தத்தை நானே கேட்டது அன்றைக்குத்தான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் முப்பது முட்டை வைத்தோம். வெள்ளிக்கிழமை விடியும்போது உனக்கு நெஞ்சு வலித்தது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே நீ போய்விட்டாய். பத்து மணிக்கு ஒரு வேனில், கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டியோடு உன்னைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். "புள்ள வந்து மொகம் பாக்கணும். அதுவரிக்கும் மொகம் வாடக் கூடாது" என்று அத்தைதான் மலைக்குக் கீழேயே சொல்லிப் பெட்டியை வாடகைக்குப் பிடித்திருந்தாள்.

வேன்காரர் பிளக்கைத் தேடினார். "இதுல இன்னா ஓடுது?"

"முட்ட மெஷினு" என்றார் பக்கத்து வீட்டு மாமா.

"அத கழட்டிடுங்க. ரெண்டும் ஒண்ணா போட்டா பீஸ் போய்டும்."

மாமா ஒயரைப் பிடுங்கினார். சிவப்பு எண் அணைந்தது. நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். நீ அங்கே படுத்திருக்கும்போது முட்டைக்காக வாய் திறக்கிற பெண்ணை யார் பெண் என்பார்கள்?

மெஷின் பெட்டியின் மேல் கோணிகளைப் போட்டேன். அதற்கு மேல் உன் கம்பளியைப் போட்டேன். வெளியே மழை ஈரம். மதியம் இரண்டு மணிக்கு மூடியைத் தூக்கி ஒரு முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஓடைக் கல் மாதிரி இருந்தது. முன்னறையில் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அத்தை என்னைக் காட்டி, "கல்லாட்டம் நிக்குது பாரு. பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு தண்ணி வுடல" என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த நேரத்தில் நான் உன்னை நினைக்கவில்லை அப்பா. நீ போனது எனக்கு இன்னும் உறைக்கவில்லை. நீ வைத்த முட்டைகள் சில்லிட்டுப் போவது மட்டும்தான் உறைத்தது.

மூன்று மணிக்கு யாரோ டீ கொண்டுவந்தார்கள். எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். உன் தலைமாட்டில் அம்மாவும் கால்மாட்டில் அத்தையும் மட்டும் இருந்தார்கள். நான் உள்கதவுக்குப் பின்னால் குனிந்து, கையை நீட்டி, உன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த இடத்தில் மெஷினின் ஒயரைச் செருகினேன்.

இதுதான் அப்பா. இதைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

குளிர்பெட்டியின் இரைச்சல் நின்றதும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அத்தை தலையைத் தூக்கினாள். "இன்னா சத்தத்தையே காணோம்? கரண்ட்டு போய்ட்ச்சா?"

அம்மா திரும்பினாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என் கையும் தெரியும், கையிலிருந்த ஒயரும் தெரியும், உள்ளறையில் எரிந்த பல்பின் மஞ்சளும் தெரியும். என்னையே பார்த்தாள். நான் ஒயரை விடவில்லை.

"ஆமா அண்ணி" என்றாள். "மலைல கரண்ட்டு எப்ப ஒழுங்கா இருந்துச்சு? வரும், இரு."

அப்புறம் முந்தானையால் உன் முகத்துக்கு மேலிருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிஷம் போனது. வாசலில் டம்ளர்களைப் பொறுக்கும் சத்தம் கேட்டதும், கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் "போதும்" என்றாள். தன் அழுகையைச் சொல்கிறாள் என்று நினைத்து அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் ஒயரை மாற்றிச் செருகினேன். மறுபடி இரைச்சல் வந்தது.

அண்ணன் ஐந்து மணிக்கு வந்தான். உன் முகம் நன்றாகத்தான் இருந்தது. அவன் கண்ணாடிமேல் கவிழ்ந்து அழுதபோது நான் உன் முகத்தைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது மாறியிருக்கிறதா என்று. இருட்டும் முன் உன்னை எடுத்துப்போனார்கள். மெஷினில் மறுபடி எண் ஏறியது. அதன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பார்க்க யாரும் இல்லை.

அடுத்த நாள் அத்தை சொன்னாள்: "சாவு வூட்ல குஞ்சு பொரிக்கறது ஆகாது. எடுத்து அவிச்சு போடு."

"அவரு கையால வச்சது. இருக்கட்டும்" என்றாள் அம்மா.

ஏழாம் நாள் டார்ச் அடித்து, உள்ளே நரம்பு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. திருப்பிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

உன் காரியத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வைத்தார்கள். முட்டை வைத்து இருபத்தொன்றாம் நாள். எல்லோரும் ஓடைக்குப் போயிருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை விட்டுப் போயிருந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. பிறகு இன்னொன்று. அம்மா ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது நான்கு குஞ்சுகள் வெளியே வந்திருந்தன. மறுநாள் முடிவதற்குள் பதினொன்று ஆயின. அம்மா ஒன்றை எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்தினாள். "இன்னா சூடு பாரேன் இதுக்கு" என்றாள்.

இப்போது அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறாள். அண்ணன் மாதம் ஒருமுறை வருகிறான். பகல் முழுக்க நானும் மெஷினும்தான். குஞ்சு கேட்டு வருகிறவர்கள் வாசலில் நின்றால் எத்தனை வேண்டும் என்று விரலைக் காட்டிக் கேட்பேன், அவர்களும் விரலைக் காட்டுவார்கள். சில நாள் அம்மா வீடு திரும்பும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல்கூட வந்திருக்காது. சாப்பிடும்போது நாங்கள் மழையைப் பற்றிப் பேசுகிறோம், சாமையைப் பற்றிப் பேசுகிறோம். அந்த இருபத்தைந்து நிமிஷத்தைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. பொரிக்காமல் போன முட்டைகளை நீ சும்மா எறியமாட்டாய். ஒவ்வொன்றாகக் கல்லில் தட்டி உடைத்து, உள்ளே எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எந்த நாளில் நின்றுபோனது என்று பார்ப்பாய். "நாம எங்க தப்பு பண்ணோம்னு இதுதான் சொல்லும்" என்பாய். நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

அந்த முறை பொரிக்காமல் நின்றவை பத்தொன்பது. கூடையில் எடுத்துக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் போனேன். முதல் முட்டையைக் கல்லுக்கு மேல் பிடித்தேன். உள்ளே வெறும் ரத்தக் கோடு இருந்தால், அது அந்த வெள்ளிக்கிழமையே செத்தது. உன் பிளக்கைப் பிடுங்கியது வீண். இறகு முளைத்த குஞ்சு இருந்தால், அந்த இருபத்தைந்து நிமிஷம் அதைக் காப்பாற்றியிருக்கிறது. அப்புறம் வேறு ஏதோ ஒரு நாளில் நான் அதைக் கைவிட்டிருக்கிறேன். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியவில்லை. கை வலித்தது.

உடைக்கவில்லை அப்பா. குழி தோண்டி, பத்தொன்பதையும் முழுசாகவே வைத்து மூடினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை முட்டை வைத்துவிட்டேன். பொரிக்காததை ஒன்றுவிடாமல் உடைத்துப் பார்க்கிறேன், எந்த நாள் என்று கண்டுபிடிக்கிறேன், அடுத்த முறை திருத்திக்கொள்கிறேன். அந்தப் பத்தொன்பதும் எந்த நாளில் நின்றன என்று மட்டும் எனக்குத் தெரியாது. நீ இருந்திருந்தால் உடைத்திருப்பாய். நான் தெரியாமலே வைத்துக்கொண்டிருக்கிறேன்.