சாடைக்குத் தண்ணீர் கிடையாது

சனி, புரட்டாசி 10

ஜெயித்துவிட்டேன். காலண்டர் அச்சகத்து இரைச்சலில் கைச்சாடையிலேயே பேசிப் பழகிய என் வீட்டுக்காரர் வீட்டிலும் அப்படித்தான். அதைப் பார்த்து எங்கள் இரண்டரை வயது மகளும் வாயே திறக்காமல் சாடையிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"சாடை காட்டுனா குடுக்காதீக. சொல்லுற வரைக்கும் பொறுங்க" என்றார் சாத்தூர் டாக்டர். ஒரு மாதமாக இடுப்பில் கைவைத்து "சொல்லு" என்கிறேன். அவள் அழுத அழுகை... வேண்டாம்.

இன்று மதியம் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனாள். இவர் சொம்பை எடுத்தார். "குடுத்துராதீக!" என்று தடுத்தேன்.

"தண்ணி தா!" என்று கத்தினாள். இரண்டு சொல்!

குடித்து முடித்ததும் இவர், இன்னும் வேண்டுமா என்று கையாலேயே கேட்டார். அவள் இடுப்பில் கைவைத்து முறைத்தாள்.

"அப்பா, சொல்லு!"