ஆம்பளைக் கிண்ணம்

ஃபுமியே,

மீன் வறுத்து மூடி வைத்திருக்கிறேன். மிசோ சூப்பைச் சூடு பண்ணிக்கொள், கொதிக்க விடாதே. சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

நேற்று சந்தையிலிருந்து பசியோடு வந்தவள், அரக்குப் பூசிய என் பெரிய கறுப்புக் கிண்ணத்தில் சூப் ஊற்றிக்கொண்டாய். "ஏன்டி, அது ஆம்பளைக் கிண்ணம். உன் குட்டிச் சிவப்புக் கிண்ணம் எங்க போச்சு?" என்று என் அக்கா முன்னால் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். "தெரியாம எடுத்துட்டேங்க" என்று என் பக்கம் நகர்த்திவிட்டு, நீ வெறும் சோறு சாப்பிட்டாய்.

இன்று காலை நீ சந்தைக்குப் போனதும் உன் சிவப்புக் கிண்ணத்தில் குடித்துப் பார்த்தேன். நாலு மடக்கில் தீர்ந்துவிட்டது. மறுபடி ஊற்றிக்கொண்டேன். அப்போதுதான் உறைத்தது, நீ மறுபடி ஊற்றிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. நான் மிச்சம் வைத்தால்தானே?

நேரில் சொல்ல முகமில்லை. படகுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

கறுப்பை உன் இடத்தில் வைத்திருக்கிறேன். மத்தியானம் அக்கா மறுபடி வருவாள். அவள் எதிரிலேயே அதில் குடி. கேட்டால், நான்தான் சொன்னேன் என்று சொல்.

டோகுஜி

பி.கு.: அரக்குப் பூச்சு கெட்டுவிடும் என்று சிவப்பை ஊறப்போடவில்லை, உடனே கழுவித் துடைத்துவிட்டேன். அதைத் தேடாதே. இனி அது எனக்கு.