உடனே சொல்லாத பதில்

நம் பெண்களின் அம்மாவுக்கு,

இங்கே நானும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் பெரியவளும் பச்சைக்குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். பேரன் ராத்திரியெல்லாம் தூங்க விடுவதில்லை என்றாய். பெரியவளும் அப்படித்தான் இருந்தாள். பழிக்குப் பழி என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்.

தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ போனை எடுத்ததும் "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசுங்க" என்கிறாய். உடனே மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் தொட்டிலில் கிடக்கிறவனும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றிவிடுகிறது. சாப்பிட்டேன், மாத்திரை போட்டுக்கொண்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இது அப்படி நிறுத்திக்கொள்ளக்கூடிய விஷயமில்லை.

சின்னவள் வெளிமாநிலத்துக்குப் போகிறாள் என்று உனக்குத் தெரியும். "ஹாஸ்டல் நல்லா இருக்காம், அம்மா, எனக்கே அதுதான் பிடிச்சிருக்கு" என்று உன்னிடம் சொன்னாளாம். நீயும் அன்று என்னிடம், "உங்களுக்குச் சந்தோஷம்தானே, படிப்பும் சாப்பாடும் அவங்க செலவு" என்று ஒரு குத்துக் குத்தினாய். அவளுக்கு அது பிடித்திருக்கவில்லை. நம் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீர் படிக்கத்தான் இரண்டு வருடமாக ஆசைப்பட்டாள். போன கோடையில் அங்கே ஒரு பேராசிரியையோடு ஊர் ஊராகக் கிணற்று மட்டம் அளந்துவிட்டுக் கறுத்துப் போய் வந்தாளே, அன்றே மனதில் முடிவு செய்துவிட்டவள். உதவித்தொகை தருகிற வெளிமாநிலக் கல்லூரியில் அந்தப் படிப்பே கிடையாது. கட்டடம் கட்டுகிற படிப்புதான் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கேயே சேர முடியாமல் போனதற்குக் காரணம் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

நீ ஊருக்குப் போன பிறகு நம் பல்கலைக்கழகத்திலிருந்து கட்டணச் சலுகைக் கடிதம் வந்தது. அந்தச் சலுகை இருந்தால் நம்மால் சமாளிக்க முடியும். சின்னவள் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். வாழ்நாள் முழுதும் தணிக்கைத் துறையில் அடுத்தவர் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தவனிடம் எந்தத் தாளையும் கொடுக்கக் கூடாது. ஆபீசிலும் தெருவிலும் என்னை "இன்னொருதரம்" என்று கூப்பிட்டது உனக்குத் தெரியும். எல்லாத் தாளையும் இன்னொரு தரம் பார்ப்பேன். இதையும் பார்த்தேன். இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும் குடும்பம் என்று சலுகை கொடுத்திருந்தார்கள். படிப்பை முடித்து, கல்யாணமாகி, இப்போது பிள்ளையும் பெற்றுவிட்ட பெரியவளை அவர்கள் இன்னும் மாணவியாக வைத்திருந்தார்கள்.

 மூன்றாம் வருடம் யாராவது கண்டுபிடித்து, பொய்த் தகவல் கொடுத்ததாகச் சொல்லிப் பெண்ணை வெளியே நிறுத்தினால் என்ன செய்வது? நேர்மை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அது பயம். பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதி, பிழையைச் சுட்டிக்காட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். சின்னவளிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சரியான பதில் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பதில் வந்தது. எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். சலுகை ரத்து என்றும் சொல்லியிருந்தார்கள்.

அவளுக்குத் தெரியாமல் பஸ் ஏறி அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வாசலில் இருந்தவர் "பேத்திக்கா சார்?" என்றார். நரைத்த பிறகு பெண் பெற்றவனுக்கு அது பழகிப்போன கேள்வி. நான் தலையைக்கூட ஆட்டாமல் உள்ளே போனேன். சலுகைப் பிரிவில் ஒரு அம்மாள் இருந்தார். நல்ல மாதிரி. என் கடிதத்தின் நகலைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "என்ன சார் இது, உங்க பொண்ணு சொல்லலையா? அவங்களே வந்து அக்கா படிப்பு முடிஞ்சிடுச்சுன்னு சொன்னாங்களே. பென்ஷன் குடும்பத்துக்குன்னு வேற சலுகை இருக்கு, அதுல மாத்திடலாம், அப்பாவோட பென்ஷன் பேப்பர் மட்டும் கொண்டு வாம்மான்னு நான்தான் அனுப்பினேன். அதுக்குள்ள நீங்க மேல எழுதிட்டீங்களே" என்றார். பதிவாளர் கையெழுத்துப் போட்டு ரத்தானதை இந்த வருடம் அவரால் திரும்பத் திறக்க முடியாதாம்.

படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். என் பெண் என்னைப் போலவே தாளை இன்னொரு தரம் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, என்னைப் போலப் பயந்து கடிதம் எழுதாமல், நேரே போய் மனிதரிடம் பேசியிருக்கிறாள். பெருமைப்பட வேண்டிய விஷயம் எனக்கு அந்தப் படிக்கட்டில் வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பென்ஷன் தாளின் நகல் அவள் பையில் தயாராக இருந்தது. ஏம்மா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா பயப்படுவீங்கன்னுதாம்ப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு இன்னொன்று கேட்டாள். கத்தியை நிறுத்தாமல், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "வேணும்னே பண்ணீங்களாப்பா? வெளிமாநிலம்தான் மலிவுன்னு முதல்லேருந்தே சொல்லிட்டு இருந்தீங்களே."

இல்லை என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். வேறு எந்தத் தகப்பனும் சொல்லியிருப்பான். என்னை ஒரு கேள்வி கேட்டால் நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துதானே பதில் சொல்வேன். வெளிமாநிலம்தான் மலிவு என்று சொன்னது உண்மைதான், உன்னிடமும் சொன்னேன், தையல்கடைக்காரரிடமும் சொன்னேன். அந்தக் கடிதத்தை எழுதும்போது மனதின் ஏதாவது மூலையில் அந்த எண்ணமும் உட்கார்ந்திருந்ததா? அதைத்தான் தேடிப் பார்க்கப் போனேன். நான் திரும்பி வருவதற்குள் அவள் காயை வழித்து எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். "பரவால்லப்பா" என்றாள். என் மௌனத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அன்றிலிருந்து என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறாள். சண்டை போட்டாலாவது தேவலை. தெருத்தெருவாகக் கிணற்றுத் தண்ணீர் பிடித்து வந்து, சீட்டு ஒட்டி ஜன்னலோரம் வைத்திருந்தாளே பாட்டில்கள், தொட்டால் கடிப்பாளே, அத்தனையையும் நேற்று செடிகளுக்கு ஊற்றிவிட்டாள். பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அங்கே குளிர் அதிகமாம், கம்பளி வாங்கியாயிற்று. உன் நீலப் பெட்டியின் ஜிப்பைச் சரி செய்து வைத்திருக்கிறேன். தையல்கடைக்காரர் தெருவிலேயே மடக்கி, "இன்னொருதரம் சார், பொண்ணு ஸ்காலர்ஷிப் அடிச்சிருக்கு, ஒரு டீயாவது உண்டா இல்ல அதையும் யோசிக்கணுமா?" என்றார். வாங்கிக் கொடுத்தேன். நானும் குடித்தேன்.

நானே போய் அவளிடம் இல்லை என்று சொல்லப் பார்க்காமல் இல்லை. அவள் அறை வாசல் வரை போகிறேன். நிமிர்ந்து "என்னப்பா?" என்கிறாள். துண்டு எடுத்து வைத்தாயா என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன். இத்தனை நாள் கழித்துச் சொன்னால் யோசித்துத் தயார் செய்த பதிலாகத்தான் அவளுக்குப் படும். என் சொல்லுக்கு அவளிடம் இப்போது மதிப்பில்லை. உன் சொல்லுக்கு இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும். உங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் உன் அப்பா, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்கிறார் மாப்பிள்ளை என்று அவர் முடிவு செய்து எழுந்துவிட்டார். நீ உள்ளே போய்விட்டாய். நான் பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பாதி வழியில் இறங்கி, வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, உங்கள் வாசலில் நின்று சொன்னேன். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று நான் யோசிக்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு என்னைப் பிடிக்குமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து நீ சிரித்தது கேட்டது.

அந்தக் கதையை நாம் சின்னவளுக்குச் சொன்னதே இல்லை. நீ சொல். உன் அப்பா யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்கிறவர் இல்லையடி, நானும் ஒரு நாள் அவரைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன் என்று சொல். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு ரயில். நீ வந்து சேர முடியாது என்பது தெரியும். அதற்குள் ஒரு போன் போதும்.

நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன். இன்னொரு தரமும் பார்த்துவிட்டேன். பயம் இருந்தது. அவள் போக வேண்டும் என்கிற எண்ணம் எந்த மூலையிலும் இல்லை. இதையும் அவளிடம் சொல்லிவிடு.

போகிற இடத்தில் அவள் நன்றாக இருக்கட்டும். யாரைப் பார்த்தும், எதைப் பார்த்தும் பயப்படாதவளாக, இப்போது இருப்பது போலவே இருக்கட்டும்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்,
பெண்களின் அப்பா

பின் குறிப்பு: அவளிடம் பேசும்போது ஸ்பீக்கரில் போடாதே.